அந்த டாங்கிகளைச் செய்தவர் வேதா

செய்தி வாட்ஸப்பில் வந்தது. சனத்நகரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் காலை ஷிஃப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் படித்தேன். "வேதா ஆன்ட்டி இன்று காலை காலமானார். நம் குழுவின் மாடல்களுக்குப் பெயின்ட் அடிக்க உதவியவர். ஆழ்ந்த இரங்கல்." கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "உதவியவர்" என்ற அந்த ஒரு சொல்லின் மேல் வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

வேதவல்லியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாரெட்பள்ளியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கையில் அடங்கும் நாற்பத்து மூன்று டாங்கிகளைத் தன் கையால் வரைந்து, வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டியவர் அவர் என்பதைத்தான் சிலர் மறக்கப் பார்க்கிறார்கள்.

எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். பெரிய மேசையில் மணலும் குன்றும் அமைத்து, சின்ன டாங்கிகளை நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் ஆடுவோம். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, காட்டன் புடவையும் தோள்பையுமாக ஒரு பெண்மணி மாடியேறி வந்தார். குழுவின் செயலாளர் அவரிடம், "பையனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. விளையாட வந்திருக்கேன்" என்றார் வேதா. பிறகு மேசையைக் குனிந்து பார்த்து, செயலாளரின் டாங்கியைத் தொடாமல் சுட்டிக்காட்டினார். "இதுல செயினைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. பல்லு பாக்குற பக்கம் தப்பு."

எங்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. செயலாளர் சிரித்து மழுப்பினார். அன்றைக்கே அவருக்கு வேதாவைப் பிடிக்காமல் போனது என்பது என் எண்ணம்.

நாங்கள் கடையில் பாகங்கள் தயாராக இருக்கும் கிட் வாங்கி ஒட்டுகிறவர்கள். வேதா கிட் வாங்கமாட்டார். பழைய அடையாள அட்டைகளையும் பிளாஸ்டிக் தகடுகளையும் பிளேடால் வெட்டுவார். ஊசி மருந்துக் குழலின் ஊசியைப் பீரங்கிக் குழலாக்குவார். ஒரு முறை நான் என் டாங்கி முழுவதும் துருவை அப்பி, பெருமையாக அவரிடம் நீட்டினேன். அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேகர், இது ஓடுற வண்டியா, காயலான் கடையில கிடக்கிற வண்டியா?"

"ஓடுற வண்டிதான் மேடம்."

"அப்ப இவ்வளவு துரு எப்படி வரும்? உள்ள நாலு பேர் இருக்காங்க. தினம் ஏறி இறங்குவாங்க. அவங்க கை படுற இடம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கும், கால் வைக்கிற இடத்துல பெயின்ட் போயிருக்கும். ஆளை நெனச்சுக்கிட்டு பெயின்ட் அடிங்க."

அவர் செய்த டாங்கிகளின் மூடியைப் பாருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் வண்ணம் மெலிந்து உலோக நிறம் தெரியும். தலைமயிர் போல மெல்லிய தூரிகையால் அதைச் செய்ய அவருக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். இதற்குப் பெயர் உதவியா?

இப்போது கண்காட்சி நடந்த கதைக்கு வருகிறேன். நகரத்தின் பொழுதுபோக்குக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மண்டபத்தில் நடத்திய கண்காட்சி. எங்கள் குழுவின் சார்பில் வேதாவின் பாலைவனப் போர்க்களம் வைக்கப்பட்டது. பன்னிரண்டு டாங்கிகள், இரண்டு வருட உழைப்பு. காலையில் அவர் வந்தபோது மேசைமேல் ஓர் அட்டை இருந்தது. "உருவாக்கம்" என்ற இடத்தில் செயலாளரின் பெயரும் "குழுவினர்" என்ற சொல்லும். அதன்கீழே சிறிய எழுத்தில், "வண்ண உதவி: திருமதி வேதா".

"நான் திருமதியும் இல்ல, உதவியும் இல்ல" என்றார் வேதா.

"ஆன்ட்டி, குழு பேர்ல போட்டாதான் மதிப்பு. இதெல்லாம் சின்ன விஷயம். வந்தவங்க முன்னாடி எதுக்கு?" என்றார் செயலாளர்.

"ஆஃபீஸ்ல நான் போட்ட ஒவ்வொரு டிராயிங்லயும் மூலையில என் பேர் இருக்கும். பெருமைக்காக இல்ல. தப்பு வந்தா யாரைக் கேக்கணும்னு தெரியறதுக்கு. இந்த டேங்க்ல தப்பு இருந்தா உங்களைக் கேட்டா பதில் சொல்வீங்களா? இந்தப் பாகத்துக்குப் பேர் என்ன, சொல்லுங்க பாப்போம்."

செயலாளருக்குத் தெரியவில்லை. வேதா தோள்பையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் இருந்ததை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். செயலாளர் அந்த அட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதே வாசகம் உள்ள இன்னொரு அட்டையை வைத்தார். அச்சடித்தபோதே இரண்டு எடுத்து வைத்திருந்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த மாதப் போட்டிக்கு என்னை நடுவராகப் போடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். அந்த அற்ப ஆசையில், இன்றும் நாக்கு கூசும் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: "விட்டுடுங்க மேடம், அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்போ, சேகர்?" என்று கேட்டார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. பன்னிரண்டு டாங்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் அடுக்கினார். பார்வையாளர்கள் கூடி நின்று பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ ஏறிவிட்டார். மண்டபத்தின் நடுவில் வெறும் மணல்மேசை நின்றது. அதன்மேல் செயலாளரின் அட்டையும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் குழுவுக்கு வரவில்லை. "ஆன்ட்டிக்குக் கோபம் ஜாஸ்தி" என்று பேசிக்கொண்டார்கள். அநியாயம் செய்தவரின் குணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அநியாயத்தைச் சுட்டிக்காட்டியவரின் குணம்தான் பேச்சானது. எட்டு மாதம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"சரி, உக்காருங்க. இந்தச் சக்கரமெல்லாம் தேய்க்கணும்" என்று உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். இருட்டும்வரை தேய்த்தேன். மன்னிப்பு என்ற சொல் அதன்பின் எங்களிடையே வரவில்லை. எங்கள் குழுவில் இருந்த எலக்ட்ரீஷியன் இர்ஃபானும் வரத் தொடங்கினார். வேதாவின் சாப்பாட்டு மேசையே எங்கள் போர்க்களம் ஆனது.

போன மாதம் வீட்டு மாடிப்படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, செயலாளர் மாலையோடு வந்தார். படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, வேதாவின் தம்பியிடம் தணிந்த குரலில் பேசினார். டாங்கிகளைக் குழுவுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி அலமாரியில் நிரந்தரமாக வைக்கப்போகிறாராம்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றார் தம்பி.

"அலமாரியில யார் பேர் போடுவீங்க?" என்று நான் கேட்டேன்.

செயலாளர் திரும்பினார். "குழு பேர்தான். அதுக்குன்னு ஒரு விதி இருக்கு. சேகர், இது துக்க வீடு."

"துக்க வீடுங்கறதாலதான் கேக்கறேன். அவங்க இருந்தப்போ நான் கேக்கல. செஞ்சது முழுக்க வேதவல்லின்னு எழுதுங்க, நானே தூக்கிட்டு வந்து தரேன்."

"காய்கூ சார், எதுக்கு இவ்வளவு யோசனை? ஒரு பேர்தானே, எழுதிடுங்க" என்றார் இர்ஃபான்.

செயலாளர் தம்பியைப் பார்த்தார். தம்பிக்குச் சங்கடம். "விடுங்க சேகர். பொம்மைதானே, பொம்மைக்காகவா சண்டை?" என்றார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த தம்பி மனைவி ராதா, "பொம்மைன்னா எதுக்கு இவர் வேன் எடுத்துக்கிட்டு வந்திருக்கார்?" என்று கேட்டார்.

வாசலில் உண்மையிலேயே ஒரு வேன் நின்றது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் சார்" என்றார். வேன் காலியாகத் திரும்பியது.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு நாளில் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஓர் அஞ்சலி வந்தது. வேதாவின் படம் சிறியது. பாலைவனப் போர்க்களத்தின் பழைய படம் பெரியது. "எங்கள் குழுவின் படைப்பு" என்று போட்டிருக்கிறார்கள். உண்மையை அதன்கீழ் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். செத்த பிறகும் ஒருவரின் உழைப்பைத் திருட இவ்வளவு உறுதி வேண்டியிருக்கிறது! அழிக்க முடியாத இடத்தில் எழுதுவோம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்து இரண்டு டாங்கிகள் மாரெட்பள்ளி வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நாற்பத்து மூன்றாவதை ராதா என்னிடம் கொடுத்தார். வேதாவுக்கு மிகவும் பிடித்த டாங்கி அது. அதன் மேல்மூடியில் தளபதி பாதி உடல் தெரிய நிற்பார். வேதா ஆட்டத்தில் எப்போதும் அதைத்தான் முதலில் இறக்குவார். "நக்கோ ஆன்ட்டி, வேணாம், அதைப் பின்னாடி வைங்க" என்று இர்ஃபான் கெஞ்சுவார். "ஏன், அழகா இருக்குன்னு எதிரி சுடாம இருப்பானா?" என்பார் வேதா. அடிபட்டதும் கருப்புப் பஞ்சைப் புகை மாதிரி அதன்மேல் அவரே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த டாங்கியையும், தள்ளிப்போடாமல் கோபப்படும் பழக்கத்தையும்தான். இரண்டாவது எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போன ஞாயிறு ராதாவின் அனுமதியோடு அதே மேசையில் ஆடினோம். அந்த டாங்கியை முன்னால் நிறுத்தினேன். அதைச் சுட வேண்டிய இர்ஃபான் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"உருட்டுங்க இர்ஃபான்" என்றேன்.

உருட்டினார்.