கேசட்டில் பாடிய பெண்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கும் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். ஸ்டுடியோ என்று பெயர்தான். பழைய கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் பென் டிரைவில் ஏற்றித் தருவோம். வருவதில் முக்கால்வாசி உபன்யாசம். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை.

எங்கள் ஊர் பச்சைமலை மேலே. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வரைக்கும் வந்துவிட்டேன். ஒருநாள் அப்பா போனில் கேட்டார்.

"என்ன வேலைப்பா அது?"

"பழைய பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறேம்பா."

"பாட்டு கேக்குறதுக்கா அவ்வளவு படிச்ச?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கிழங்கு விலையைப் பற்றிப் பேசி அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன்.

வீட்டைக் காலி செய்த ஒருவர் கொடுத்த பெட்டியில்தான் அந்தக் கேசட் இருந்தது. அட்டையில் யாரோ ஒரு பெண் தாவணியில் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நாட்டுப்புறப் பாடல்கள், எழுதியதும் பாடியதும் ஒரே ஆள். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உபன்யாசங்களுக்கு நடுவே ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று ஓடவிட்டேன். தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவும் ஒருத்தியின் பாட்டு அது.

"சங்கு ஊதிச் சனம் கலைஞ்சா
எச்சித் தட்டு எனக்குத் துணை"

சின்னப் பெண்ணின் குரல். துள்ளிக்கொண்டு போகிறது. வார்த்தையோ அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை மெஸ்காரர் கேட்கும் "ஒரு சாப்பாடா?" என்பதைத் தவிர வேறு பேச்சு காதில் விழாது. அந்த வரியை யாரோ எனக்காக எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது. ஸ்டுடியோ முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, பெருமாள் சேவிக்கற எடத்துல தட்டு கழுவற பாட்டு?"

"நல்லாருக்கு சார்."

"நன்னாத்தான் இருக்கு. யார் கேக்கப் போறா?"

கேட்டார்கள். ஒரே ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றிப் பார்த்தேன். 'குழந்தை மாதிரி குரல்', 'என்ன துள்ளல்' என்று எழுதினார்கள். துபாயில் டிரைவராக இருக்கும் ஒருவர் தினமும் காலையில் பாட்டுக்குக் கீழே 'வணக்கம் நண்பா' என்று எழுதுவார். நானும் 'வணக்கம் அண்ணா' என்று எழுதுவேன். சில நாட்களில் என் முதல் பேச்சே அதுதான். பதினான்கையும் பாடியவரின் அனுமதியோடு, அவர் பெயரைப் போட்டு முறையாக வெளியிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவர் அரியமங்கலம் பக்கம் ஒரு கேன்டீனில் வேலை பார்த்தவர் என்று அங்கேயே ஒருவர் எழுதியிருந்தார்.

ஒரு லீவு நாளில் பஸ் ஏறினேன். பட்டறைகள் இருக்கும் தெருவில் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"கேன்டீன்ல இருந்த அம்மாவா? இப்ப வீட்லயே சமைச்சு லேத்து பட்டறைக்கு கேரியர் அனுப்புது. பாட்டா? அது பேசுறதே அளந்துதான் பேசும் தம்பி!"

கடைசி வீடு. கதவு பாதி திறந்திருந்தது. தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கனமான குரல் வந்தது.

"ஐயா, இங்க ஒரு அம்மா பாட்டுப் பாடுவாங்களாமே, அவங்களப் பாக்கணும்."

உள்ளே கரண்டி நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா வெளியே வந்தார்.

"ஐயா யாரும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன்."

அந்தக் கனமான குரல் அவருடையது. "மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். "எல்லாரும் செய்றதுதான், உள்ள வாங்க" என்றார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனில் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி ஓடியது.

"நிறுத்துங்க தம்பி. அது யாரோ ஒரு பொண்ணு. நான் இல்ல."

ஆறு கேரியர்கள் வரிசையாகத் திறந்திருந்தன. சோற்றை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னார். பாடினதெல்லாம் சேர்ந்து எழுபது நிமிஷம் வந்ததாம். கேசட்டோ அறுபது நிமிஷம். கேசட் போட்டவர் பாட்டைக் குறைக்காமல் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டார், குரலும் கூடவே மெலிந்துவிட்டது. "'உன் குரலும் கட்டையா இருக்கும்மா, இப்பத்தான் பொம்பளக் குரலா இருக்கு'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்."

கேசட் கொஞ்சம் விற்றது. ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். இவர் மேடையேறிப் பாடவும் கீழேயிருந்து, "கேசட்டுல பாடுன பொண்ண வரச் சொல்லு!" என்று கத்தினார்களாம். விழாக் கமிட்டியில் இவர் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"என் பாட்டுக்கே நான் டூப்பு" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இத எடுத்துடுங்க தம்பி" என்றார்.

"நிறைய பேருக்குப் பிடிச்சிருக்கும்மா."

"என்னையா பிடிச்சிருக்கு?"

சரியான ஓட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து காட்டுகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எவ்வளவு குறைப்பது என்று தெரியாது. எழுபது நிமிஷம் என்பது அவர் ஞாபகத்தில் சொன்ன குத்துமதிப்புதான். கேசட் ஓட்டும் எங்கள் டெக்கில் கோளாறு இல்லை, உபன்யாசமெல்லாம் சரியாகத்தான் ஓடியது. காதை மட்டும் நம்பிக் குறைத்தால், நான் விரும்புகிற ஒரு குரலைத்தான் உண்டாக்குவேன். அதைத்தானே அந்தக் கேசட்காரரும் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இருக்கும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. பதிவு செய்த அறையின் கரண்ட் சத்தம் அது. நம் ஊர் கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும் என்று படித்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அளந்தால் ஐம்பத்தெட்டு காட்டியது. பாட்டை ஏமாற்றலாம், கரண்டை என்ன செய்ய முடியும்? அது ஐம்பதுக்கு வரும்வரை ஓட்டத்தைக் குறைத்தேன். பிறகு முதல் பாட்டைப் போட்டேன்.

துள்ளல் போயிருந்தது. அந்த அம்மா நிதானமாக, ஒவ்வொரு தட்டாக எடுத்து வைப்பது போலப் பாடினார். முதலாளி கணக்குப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"யார்டா இது? என்ன சாரீரம்!"

"அதே அம்மாதான் சார்."

முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டார். பிறகு சொன்னார்: "பழசையும் விட்டு வை. ஜனங்களுக்கு அதான் பழகியிருக்கு. எது வேணுமோ கேட்டுட்டுப் போறா."

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. பழசை அழித்தால் அதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் சேர்ந்து போய்விடும். துபாய் அண்ணனின் வணக்கங்களும்தான். திருச்சியில் நான் சேர்த்து வைத்திருந்த மனிதர்கள் அவ்வளவுதான்.

மறுபடி அரியமங்கலம் போனபோதும் கேரியர் கட்டுகிற நேரம். சின்ன ஸ்பீக்கரை அரிசி டின் மேல் வைத்துப் போட்டேன். அவர் கை நிற்கவில்லை. பொரியல் வைத்தார், மூடினார். நாலாவது கேரியரில் ரசத்தை ஊற்றிய கிண்ணத்திலேயே மறுபடி ரசத்தை ஊற்றினார். அது வழிந்து தரையில் ஓடியது. துணியை எடுத்தவர் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டார்.

"இந்த எடத்துல மூச்சு வாங்கிட்டேன் பாருங்க" என்றார் நடுவில். "முன்ன இருந்ததுல அது தெரியல."

பாட்டு முடிந்தது. "இது நான்தான்" என்றார். நேரமாகிவிட்டது என்பதைச் சொல்கிற அதே தொனி. பிறகு தரையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ண எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா."

"ஏன்?"

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றார். நான் போனை எடுத்தேன். அழிக்கவா என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்தினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"சத்தமே இல்லையே" என்றார்.

பதினான்கு பாட்டும் அவர் பெயரில், அடுப்படியில் நான் எடுத்த அவருடைய படத்தோடு போன மாதம் வெளிவந்தன. கேட்டவர்கள் குறைவு. வந்த சிலரும் பழையது எங்கே, ஏன் கெடுத்துவிட்டாய் என்று கேட்டார்கள். இவர்தான் பாடியவர், இதுதான் அவர் குரல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலை எழுதினேன். பெரும்பாலும் அதோடு சரி. காலையில் போனைப் பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை. துபாய் அண்ணனைத் தேட அவர் முழுப்பெயர் கூட எனக்குத் தெரியாது.

நேற்று அந்த அம்மா போன் செய்தார். "யாராச்சும் எதாச்சும் எழுதுனாங்களா? மறைக்காம சொல்லுங்க."

புதிதாக ஒன்றுதான் வந்திருந்தது. படிக்கத் தயங்கினேன். படித்தேன். "'யாருய்யா இந்த ஆம்பள, பொம்பள பேரப் போட்டிருக்கீங்க'ன்னு எழுதியிருக்காரு. 'பன்னெண்டாவது பாட்டுல அந்தப் புள்ளத்தாச்சி பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல அழுதுட்டேன்'னும் எழுதியிருக்காரு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"பன்னெண்டு வரைக்கும் கேட்டானா?"

"கேட்டிருக்காரும்மா."

"ஆம்பளன்னே நெனச்சுக்கிட்டுமா?"

"ஆமாம்மா."

"கேட்டிருக்கான்ல" என்றார். "கேரியர் எடுக்க ஆள் வந்தாச்சு, வைக்கிறேன்."

நான் அந்த ஆளுக்கு, 'இவர்தான் பாடியவர்' என்ற வழக்கமான பதிலைப் பாதி அடித்து வைத்திருந்தேன். இன்னும் அனுப்பவில்லை.