கடவுளுக்கு விஷயம் தெரிந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

1. ஹெட்போனில் என் குரல்

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வினைச்சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்து, ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பெண்ணைக் கிட்டத்தட்ட சபையை விட்டே ஓட வைத்தேன். அதுவும் தெரியாமல், என் வாழ்நாளிலேயே பிரமாதமாக மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான் என்று வீட்டில் மூன்று நாள் பீற்றிக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபை ஆபீஸில் பதினேழு வருஷம் வேலை பார்த்தேன். கதவில் 'செயலாளர்' என்று போர்டு. உள்ளே வந்து பார்த்தால் ஞானஸ்நான ரிஜிஸ்டர், ஓலை என்று நாங்கள் சொல்கிற கல்யாண அறிவிப்பு லிஸ்ட், ஹால் புக்கிங், மைக்குக்கு பேட்டரி மாற்றுவது எல்லாம் நான்தான். கூடவே பிரசங்க மொழிபெயர்ப்பு. சபையில் பாதிப் பேருக்குத் தமிழ் "சாப்டாச்சு", "தூக்கம் வருது" என்ற அளவில் நின்றுவிட்டது. வங்காளி மருமகள்கள் வேறு. அதனால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு மைக், இருபது ஹெட்போன். ஐயர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் தாழ்ந்த குரலில் வங்காளத்தில் சொல்ல வேண்டும். ஐயர் என்றதும் பூணூலைத் தேடாதீர்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குப் போதகர்தான் ஐயர்.

என் தகுதியையும் சொல்ல வேண்டும். அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் கிளார்க். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் வங்காளம். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வேறு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த மாதம் சாமுவேல் ஐயர் தொடர் பிரசங்கம் ஆரம்பித்தார். முதல் வாரம் தெரிந்துகொள்ளுதல், இரண்டாம் வாரம் நீதிமானாக்கப்படுதல், மூன்றாம் வாரம் இரட்சிப்பின் நிச்சயம். மூன்றாம் வாரமே ஞானஸ்நானமும். சனிக்கிழமை குறிப்பை வாட்ஸப்பில் அனுப்பினார். 'நீதிமானாக்கப்படுதல்' கொஞ்சம் பயமுறுத்தியது. அதற்கு அடுத்த வாரம் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். 'தெரிந்துகொள்ளுதல்' தெரிந்த வார்த்தைதானே, அதற்கெதற்கு அகராதி?

நாம் பிறப்பதற்கு முன்னாலேயே தேவன் நம்மைத் தெரிந்துகொண்டார் என்று ஐயர் சொன்னார். நான் சளைக்காமல் "ஈஷ்வர் ஜேனே கேச்சேன்" என்றேன். ஜேனே கேச்சேன் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளை ஒளித்துவைத்த சிகரெட் அப்பாவுக்குத் தெரிந்துபோகுமே, அந்த மாதிரித் தெரிதல். ஐயர் மறுபடியும் மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் குரலில் கொஞ்சம் உருக்கம் சேர்த்து, நீ பிறப்பதற்கு முன்னாலேயே கடவுளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

ஹெட்போன் வரிசை அப்படியே அடங்கிப்போனது. வழக்கமாக அங்கே நாலைந்து மொபைல் மினுக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஆவியானவர் கிரியை செய்கிறார் என்று எனக்குப் புல்லரித்தது.

2. புதன்கிழமை வந்த ஆள்

புதன்கிழமை காலையில் சுந்தர் ஆபீஸுக்கு வந்தான். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவன் பெண்டாட்டி மித்தாலிதான் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவள். பர்தமான் பக்கத்துப் பெண், தமிழில் பத்து வார்த்தை தெரியும். ஒரு வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலைக் கேட்டவள்.

"ஆன்ட்டி, மித்தாலி பேர எடுத்துடுங்க. அவளுக்கு ஞானஸ்நானம் வேணாமாம்."

"என்னப்பா ஆச்சு திடீர்னு?"

"கடவுளுக்குத் தெரிஞ்சுபோச்சாம்."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"அதச் சொல்ல மாட்டேங்கிறா. மூணு நாளா சரியாச் சாப்பிடலை. பர்தமானுக்குப் போறேன், இனிமே வரலைன்னு பெட்டி கட்டுறா. அம்மா வேற படுக்கையில இருக்காங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை." கொஞ்சம் தயங்கினான். "நீங்கதான் சொன்னீங்களாம், ஆன்ட்டி."

மித்தாலியைப் பற்றி நான் யாரிடம் என்ன சொன்னேன்? லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கும்போது ஒருத்தியிடம், அந்தப் பெண் மாமியாரை எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னேன். அது புகழ்ச்சிதான். மற்றவர்களைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அப்படிப் புகழ்ச்சி என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து நின்றது. சுந்தர் போன பிறகு அரை மணி நேரம் என் வம்புகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணினேன். அப்புறம்தான் அவன் பிரசங்கத்தைச் சொல்லியிருப்பானோ என்று உறைத்தது. ரெக்கார்டிங்கைப் போட்டேன். என் குரல் தேனாக ஒலித்தது: ஜேனே கேச்சேன், ஜேனே கேச்சேன், ஜேனே கேச்சேன்.

அப்போதும் எனக்குத் தப்பு புரியவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நானும் அதை அப்படித்தானே புரிந்து வைத்திருந்தேன்? ஐம்பது வருஷமாக, கடவுளிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளாகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

3. அரை மணி நேர வாதம்

ஐயரிடம் போய்ப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் வங்காளம் அரைகுறைதான். நான் அர்த்தம் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா எஸ்தரம்மா, இப்படிச் சொல்லிட்டிய? தெரிந்துகொண்டார்னா வேதத் தமிழ்ல தேர்ந்தெடுத்தார்னு அர்த்தம்லா? தெரிவு செய்யிறதுன்னு கேட்டதில்லையா நீங்க?"

கேட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஃபேன் சத்தம் என்றேன். மைக் பேட்டரி போகிற நிலையில் இருந்தது என்றேன். இந்தக் காலத்தில் யார் அந்த அர்த்தத்தில் பேசுகிறார்கள், நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார் என்றே சொல்லியிருக்கலாமே என்றேன். வங்காளத்தில் அதற்கு மொனோனீத் என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பெயரோடு சுவரில் எழுதுகிற சொல், கோயிலில் எப்படிச் சொல்வது என்றேன். அந்தச் சொல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே யோசித்து ஒதுக்கியது போலப் பேசினேன்.

ஐயர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீதிமானாக்கப்படுறதுன்னா என்னன்னு வார ஞாயித்துக்கிழம பேசணும்மா. குத்தவாளி வாதாடி ஜெயிக்கிறது இல்ல அது. குத்தம் இருக்கிறது தெரிஞ்சும், கிறிஸ்துவுக்காக இவன் நீதிமான்னு தீர்ப்பு வாங்குறது. நீங்க என்னன்னா அரை மணி நேரமா உங்கள நீங்களே நீதிமானாக்கிட்டு இருக்கிய."

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"அந்தப் பிள்ளைட்ட போயி, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

4. பெஹாலா வீட்டில்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பெஹாலாவில் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனேன். மித்தாலி கதவைத் திறந்தாள். தோளில் துண்டு, கையில் கஞ்சிக் கரண்டி. கூடத்தில் பாதி அடுக்கின பெட்டி. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவள் மாமியார் தங்கம்மாள். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம். நாற்பது வருஷம் இந்த ஊரில் வங்காளத்தில் மீன் பேரம் பேசிய மனுஷி. இப்போது வாயில் மிஞ்சியது குழறலான நாலைந்து தமிழ் வார்த்தைகள்தான்.

நாங்கள் பேசினது வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்தத் தடவை சரியாகத்தான் எழுதுகிறேன் என்று நம்புங்கள்.

"மித்தாலி, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஐயர் சொன்னது கடவுள் உன்னைத் தேர்ந்தெடுத்தார் என்று. விஷயம் தெரிந்துவிட்டது என்று இல்லை."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "அப்படியென்றால் அவருக்குத் தெரியாதா, மாஷி?" மாஷி என்றால் சித்தி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் தெரியாது என்று சொன்னால் அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள். ஆனால் சபைச் செயலாளர் வந்து கடவுளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனால் நன்றாகவா இருக்கும்?

"தெரியும்... எல்லாம் தெரியும்தான்" என்று இழுத்தேன்.

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "தேர்ந்தெடுக்கும்போது தெரியாமல் இருந்திருக்கும். இப்போது தெரிந்திருக்கும். கத்திரிக்காயைப் பார்த்துப் பார்த்துத்தானே பொறுக்குகிறோம்? வீட்டுக்கு வந்து நறுக்கினால் உள்ளே புழு. தூக்கிப் போடுவோமா, மாட்டோமா?"

முன்குறித்தல், கிருபை, நிச்சயம் என்று பதினேழு வருஷமாக மைக்கில் நான் சொன்ன அத்தனை வார்த்தைகளையும் தேடினேன். "அப்படி என்னதான் செய்துவிட்டாய்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் உள்ளறையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை. "துர்கா பூஜைக்கு முந்தின வாரம். ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை படுக்கை மாற்றினேன். மூன்றாவது தடவை அவருடைய கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கடவுளே, இவளை எடுத்துக்கொள், போதும் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன், மாஷி. சாகட்டும் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் வாய் தவறியதுகூட இல்லை. நிதானமாகத்தான் சொன்னேன்." அழ ஆரம்பித்தாள். "பூஜை முடிந்து சென்னையிலிருந்து பெரிய நாத்தனார் வந்தார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அம்மா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். சொந்த மகள் கூப்பிட்டும் போகவில்லை. இங்கேயே கிடந்து என்னைப் படுத்துவதற்குத்தான் என்று நான் அதற்கும் திட்டினேன்."

ஐயர் வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றது எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன்.

உள்ளே கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஓடினோம். தங்கம்மாள் நல்ல கையால் மித்தாலியைக் காட்டி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். குழறலில் முதலில் புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கேட்டேன்... அன்னைக்கே. தெரியும்."

மூச்சு வாங்கினாள். எச்சில் வழிந்ததை மித்தாலி தன்னையறியாமல் துண்டால் துடைத்தாள்.

"தெரிஞ்சுதான்... இவதான் வேணும்."

வங்காளம் வாயிலிருந்து போய்விட்டதே தவிர, காதிலிருந்து போகவில்லை. அன்று மருமகள் சொன்னதையும் கேட்டிருக்கிறாள், இன்று கூடத்தில் நாங்கள் பேசியதையும் கேட்டிருக்கிறாள்.

மித்தாலி என் கையைப் பிடித்தாள். "மா என்ன சொல்கிறார்? மாஷி, என்ன சொல்கிறார்?"

என் வாழ்க்கையில் வேறு எந்த வாக்கியத்தையும் மொழிபெயர்க்க நான் அவ்வளவு பயந்ததில்லை. தெரிதல் என்ற அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அதிலும் இருந்தது. நிதானமாக யோசித்தேன். வங்காளத்தில் ஜேனே ஷுனே என்று ஒன்று சொல்வார்கள். எல்லாம் நன்றாகத் தெரிந்தே என்று அர்த்தம்.

"நீ அன்றைக்குச் சொன்னதை அவர் கேட்டாராம். ஜேனே ஷுனேதான், உன்னையே வேண்டும் என்கிறார்."

மித்தாலி அப்படியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஜேனே ஷுனே?" என்று கிழவியைப் பார்த்துக் கேட்டாள். தங்கம்மாள் தலையசைத்தாள். மித்தாலி அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நானும் சும்மா நிற்கவில்லை, அவளைவிடச் சத்தமாக அழுதேன். அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் மூன்று பேரும் ஓய்ந்தோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். தெரிந்தே தெரிந்துகொண்டார். புழு இருப்பது தெரிந்தே எடுத்தவர் எதற்காகத் தூக்கிப் போடப்போகிறார்? ஐம்பது வருஷமாக ஞாயிறுதோறும் கேட்ட பாடம், பெஹாலாவில் ஒரு நோயாளியின் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு ஏறியது. மொழிபெயர்ப்பாளராம் நான்.

5. இனி இந்த மேஜையில் உட்காரப்போகிறவர்களுக்கு

தெரியாத வார்த்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதை எப்படியும் அகராதியில் பார்த்துவிடுவீர்கள். ரொம்பத் தெரிந்த வார்த்தையைத்தான் சனிக்கிழமையே எடுத்துப் பாருங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் ஃபேன் சத்தம், மைக் பேட்டரி என்று ஆரம்பிக்காமல் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்குப் பதினேழு வருஷத்தில் கிடைத்த பாடம் இவ்வளவுதான்.

மூன்றாம் ஞாயிறு ஞானஸ்நானம் நடந்தது. தங்கம்மாளைச் சக்கர நாற்காலியில் முன் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் மித்தாலி பக்கத்தில் கை மைக்கோடு நின்றேன். கேட்கப்போகும் கேள்விகள் ஒவ்வொன்றையும் வங்காளத்தில் எழுதி, பர்தமானிலிருந்து வந்திருந்த அவள் அப்பாவிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்திருந்தேன். ஐயர் முதல் கேள்வியைத் தமிழில் கேட்டார், கிறிஸ்துவை விசுவாசித்துப் பின்பற்ற உனக்கு மனம் இருக்கிறதா என்று.

நான் காகிதத்தைப் பிரித்து வாயைத் திறப்பதற்குள், மித்தாலி மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"இருக்கு. தெரிஞ்சுதான் சொல்றேன்."