சுருண்ட செருப்பு

மழையில் நனைந்த செருப்பை மருமகள் காலையில் அடுப்போரம் வைத்துவிட்டாள். தோல் சுருண்டு விறைத்துப் போயிற்று. அந்தத் தோல் நாற்றத்தில் நான் மறுபடியும் பத்து வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

ஆம்பூருக்கு வெளியே பெண்கள் போர்டிங் பள்ளி. ஜெபக்கூடத்தில் உபதேசியார் 'சங்காரம்' என்ற சொல்லை விளக்கிக்கொண்டிருந்தார். அழிவைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு மூலமான எபிரெயச் சொல் வேதத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறதாம். சுருங்கிப்போவதுதான் அதன் மூலப் பொருளாம்.

"சுருங்குறது எப்படி அழிவாகும்? யாராவது சொல்லுங்க."

எனக்குத் தெரியும். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவர். ஆனால் தோழிகளிடம் அவர் பயிர் வைக்கிறவர் என்று புளுகியிருந்தேன். தூக்கப்போன கையை இறக்கிக்கொண்டேன்.

வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஐயா, பச்சைத் தோலைக் கொதிக்கிற தண்ணில போட்டா சுருண்டுக்கும். தோல் இருக்கும், ஆனா எதுக்கும் ஆவாது. எவ்ளோ இழுத்தாலும் நீளாதுங்க."

அப்பாதான். என்னைப் பார்க்க வேர்க்கடலை மூட்டையோடு வந்திருந்தார். அவர்மேல் வீசிய, தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டை வாடைக்குத் தோழிகள் மூக்கைப் பொத்தினார்கள்.

"சபாஷ்! உன் பொண்ணு இங்க படிக்குதாப்பா?" என்றார் உபதேசியார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா அதைப் பார்த்தார்.

"இல்லீங்க. கடலை விக்க வந்தேன்."

மூட்டையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் கடலையை எல்லாருக்கும் பங்கு வைத்தார்கள். நானும் கையை நீட்டி வாங்கித் தின்றேன்.

மருமகள் இன்னும் செருப்பை இழுத்துப் பார்க்கிறாள்.

"விடும்மா," என்றேன். "அது நீளாது."