மூன்று வாரக் கோபம்

அளவு தப்பிய பாகங்களை "ஓகே போட்டு அனுப்பு" என்றவர் எங்கள் லைன் லீடர். சூளகிரி கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் நின்று பாகங்களின் அளவு சரிபார்க்கும் ஷபானா, முடியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஓகே போட்டாள். சரக்கு திரும்பி வந்ததும் அவர் அவளைக் கைகாட்டினார். கான்ட்ராக்ட் பெண்தானே, அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். எல்லாம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்தவள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த லைன் லீடர் எங்கள் சபையின் மூப்பரும்கூட. அது நடந்து மூன்றாம் ஞாயிறு அவர் முன்வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று நிருபம் வாசிப்பது என் முறை. ஆதிச் சபைக்கு எழுதிய கடிதம். பொய்யை விட்டு உண்மையைப் பேசுங்கள் என்ற இடத்தில், அவருக்கு உறைக்கட்டும் என்று வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன். கோபம் கொண்டாலும் பொழுது சாயும் முன் தீர்த்துவிடுங்கள் என்றது அடுத்த வரி. அது எனக்குத்தான் உறைத்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரை மறித்தேன்.

"அண்ணா, ஓகே போடச் சொன்னது நீங்க. இன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"கோயில்ல வெச்சுப் பேசற பேச்சா இது? பொறுத்துப் போம்மா."

"யாரு பொறுத்துப் போறது? ஷபானாவா?"

பொழுது சாயும் முன் மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஷபானாவுக்கும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

நிருபத்தின் அந்த வரி கோபப்படுவதைத் தடுக்கவில்லை. கோபத்தோடு தூங்கப் போவதைத்தான் தடுத்தது. நானோ அந்தக் கோபத்தோடு மூன்று வாரம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.