கண்ணாடியைச் சூடாக்கியவள்

வன்னிக்குள் இருந்த எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வுகூடத்தில் நான் செய்தது ஒரே வேலைதான். வெற்றிடக் கலத்துக்குள் நிக்கலை ஆவியாக்கி, சின்னக் கண்ணாடித் துண்டுகளில் மெல்லிய காந்தப் படலமாகப் படியவைப்பது. படியும்போது கண்ணாடி எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதற்கேற்பப் படலத்தின் உள்ளமைப்பு மாறும். குளிர்ந்த கண்ணாடியில் அணுக்கள் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். சூடு ஏற ஏற அவை நகர்ந்து, ஒழுங்காக அமைந்து, பெரிய பளிங்குகளாகும். அளவு மிஞ்சினால் தனித்தனித் திட்டுகளாகத் திரண்டு, நடுவே வெறும் கண்ணாடி தெரியும்.

அந்தச் சரியான சூட்டைப் பிடிக்க இரண்டு வருடம் போனது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறுவேன். பாதியில் மின்சாரம் நின்றால் அன்றைய படலம் குப்பைக்கு. அம்மா கலியாணப் பேச்சுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

பளிங்கமைப்பைப் பார்க்கும் எக்ஸ்கதிர்க் கருவி எங்களிடம் இல்லை. என் மேற்பார்வையாளரான பேராசிரியர், துண்டுகளை வெளிநாட்டிலுள்ள நண்பரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். முடிவுகள் இன்னும் வரவில்லை என்று மாதக்கணக்கில் சொன்னார்.

பிறகு கொழும்பில் ஒரு மாநாடு. அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்து மாணவர் ஒருவர் திரையில் படங்களைக் காட்டினார். ஒரு படத்தின் மூலையில், இடுக்கி வழுக்கி நான் போட்ட கீறல் அப்படியே இருந்தது. வெப்பநிலைகளும் நான் தெரிந்தெடுத்தவை. தொடக்கத்திலேயே பேராசிரியரின் பெயர் வந்திருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. இடைவேளையில் அந்த மாணவரிடம் கேட்டேன். துண்டுகளைச் செய்தது யாரென்று தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் பேராசிரியரின் அறைக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டேன்.

“நீர் கண்ணாடியைச் சூடாக்கித் தந்தனீர், ஓம். ஆனா அளந்தது அங்க இருக்கிற ஆக்கள்தானே, பிள்ளை.”

“சேர், அந்த ஆய்வே சூட்டைப் பற்றினதுதானே.”

அடுத்த கட்டுரையில் பார்க்கலாம் என்றுவிட்டு ஃபோனை எடுத்தார்.

மேலிடத்தில் முறையிட்டேன். துண்டுகள் வளாகத்தின் சொத்து என்றார்கள். படிப்பை அத்தோடு விட்டேன். இப்போது புதுக்குடியிருப்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன்.

போன வருடம் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். பழைய மேற்பார்வையாளரின் சிபாரிசு வேண்டும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். சிரித்த முகத்தோடு உடனே எழுதித் தந்தார். நான் பணிவானவளாம், சொன்னதைப் பிழையில்லாமல் செய்வேனாம். எந்தச் சூட்டில் வைக்கவேண்டும் என்று ஒருநாளும் சொல்லாத மனிதர். அந்தக் கடிதத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வழி இருக்கவில்லை. இடம் கிடைக்கவில்லை.