இடது காலும் இரண்டாம் உலகப் போரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதரைக் கீழே தள்ளிவிட்டேன். என் இடது காலால்.

முப்பது வருஷம் கியர் வண்டி ஓட்டியவன் நான். ஆட்டோமேட்டிக் கார் வாங்கி நாலாவது நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழி. மேலகரத்தில் ஒரு வேகத்தடை. வழக்கப்படி கிளட்சை மிதித்தேன். இந்தக் காரில்தான் கிளட்சே கிடையாதே... கால் விழுந்தது பிரேக்கில். கார் நடுரோட்டில் அப்படியே நின்றது. பின்னாலேயே ஒரு சத்தம்.

பைக்கில் வந்தவர் கீழே கிடந்தார். முழங்கையில் ரத்தம். இறங்கி ஓடினேன். வாய் எனக்கு முன்னால் ஓடியது - புது வண்டி, பெடல் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். எழுந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: “வண்டி சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்க இடது காலுதான் இன்னும் பழைய வண்டியிலயே இருக்கு.”

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, சிராய்ப்புதான் என்றார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொல்லும்போது கொஞ்சம் சரித்திரத்தையும் சேர்த்துக்கொண்டேன். தப்பிக்கத்தான், வேறென்ன?

இரண்டாம் உலகப் போர் சமயம். தரையிறங்கிய விமானங்கள் திடீரென்று சக்கரத்தை மடக்கிக்கொண்டு ஓடுபாதையில் வயிறு தேய்த்தன. பைலட்டுக்குக் கவனம் போதாது என்றார்கள். உளவியல் நிபுணர்கள் காக்பிட்டைப் பார்த்தார்கள். சக்கரத்துக்கு ஒரு லிவர், இறங்கும்போது வேகம் குறைக்கிற இறக்கை மடிப்புக்கு ஒரு லிவர் - பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி! இதை இழுப்பதாக நினைத்து அதை இழுத்திருக்கிறார்கள். ஒன்றின் நுனியில் குட்டிச் சக்கரம், மற்றதில் இறக்கை வடிவக் கட்டை வைத்தார்கள். இவ்வளவுதான் மாற்றம். தடவிப் பார்த்தாலே எது எதுவென்று கைக்குத் தெரிந்தது. மனிதனுக்கு ஏற்ற மாதிரி கருவியைச் செய் என்கிற ஒரு துறையே இப்படித்தான் வளர்ந்தது என்று பேராசிரியர் கணக்காக முடித்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“லைசென்ஸ் வாங்குன புதுசுல நான் கேட்டுல இடிச்சேன். கவனம் பத்தாதுன்னு சாவியப் பிடுங்கினீய. நீங்க மிதிச்சா மட்டும் டிசைன் கோளாறாக்கும்?”

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்று எந்தப் பெடல் குழப்பியது என்று அவளை நான் கேட்கவே இல்லை. பம்பரைத்தான் தடவிப் பார்த்தேன். சாவியை நீட்டினேன்.

நேற்று செங்கோட்டை வரை போய்வந்தோம். அவள்தான் ஓட்டினாள். கிளட்ச் பழக்கம் ஒட்டாத கால்... மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஜோராக ஓட்டுகிறாள். நான் பக்கத்து சீட்டில்.

அங்கே எனக்கு மிதிக்க ஒரு பெடலும் இல்லை. அருமையான டிசைன்!