கப்பல்காரரின் ஓட்டு

விருது விழாவுக்கு முன்பே போட்டியில் இருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, யார் ஜெயிப்பார் என்று ஆளுக்கொரு ஓட்டுப் போட்டு மல்லுக்கட்டுவது ஒரு நர்ஸுக்கும், கப்பலில் சமையல்காரராக இருக்கும் அவள் கணவருக்கும் வழக்கம். இந்த ஆண்டு அவர் நடுக்கடலில் இருந்தார். அவள் வேலை முடிந்து வந்து, அவர் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு சோபா ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அத்தனை படத்தையும் பார்த்தாள். விழா முடிந்த பிறகுதான் கப்பல் கரை தொட்டு, அவர் போன் வந்தது.

"நடிகை விருது யாருக்கு?"

"நீங்கதான் ஜெயிச்சீங்க."

"நான் ஒரு படமும் பாக்கலையேம்மா!"

"உங்க ஓட்டையும் நானே போட்டேன். யாரு அதிகமா அழுறாளோ அவளுக்குத்தானே போடுவீங்க?"

அவர் கடகடவென்று சிரித்தார். "அவ்வளவு அழுதாளா?"

"என்னைவிடக் கம்மிதான்."

சிரிப்பு நின்றது. "சீக்கிரம் வந்துடுறேன்" என்றார். லைன் போன பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.